ஒரு படத்தில் இரு காலம்



திண்டுக்கல்லில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் எங்கள் பழைய வீடு இருந்தது. அவ்வீட்டின் கூடத்தில், கதவுக்கு நேர் மேலே, கறுப்பு மரச்சட்டம் இட்ட நிழற்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் என் பாட்டனார் நின்றுகொண்டிருப்பார். கழுத்துவரை பொத்தான் இட்ட கோட்டு, தலைப்பாகை, கையில் ஒரு குடை. அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் என் அப்பத்தா அமர்ந்திருப்பார். நெற்றியில் பெரிய பொட்டு, உடலில் செந்நிறச் சேலை. பின்னால் மாடிப்படியும் தூணும் தீட்டிய திரை. அக்காலத்து ஸ்டூடியோப் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இப்படித்தான் இருக்கும். ஆகவே அதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாக எனக்கு நெடுநாள் தோன்றவில்லை.

1972-ஆம் ஆண்டு நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். கடல் கடந்து சென்ற நம் வட்டார மக்களைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு எங்கள் ஆசிரியர் பணித்தார். என் பாட்டனார் 1936-இல் கொழும்புக்குச் சென்று, அங்கு ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். அவர் எழுதிய கடிதங்கள் சில எங்களிடம் இருந்தன. கடிதங்களைக் கொண்டு அவர் சென்ற ஆண்டைக் குறித்தேன். படத்தைக் கொண்டு, 'இவர் 1940-ஐ ஒட்டி ஒருமுறை ஊர் திரும்பித் தம் மனைவியுடன் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் கொழும்பு சென்றார்' என்று எழுதினேன். வரலாற்று மாணவன் அல்லனோ? சான்று காட்டி எழுதினேன் என்னும் பெருமிதம் எனக்கு நிறைய இருந்தது. கட்டுரையை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். அந்த வாக்கியம் வந்தபொழுது அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார்.

"அவுக திரும்பி வரவே இல்லையே, ராசா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மீண்டும் வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார். பாட்டனார் 1943-இல் கொழும்பிலேயே காய்ச்சலில் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்கிடையே ஒருமுறைகூட அவர் ஊருக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் அவரும் அப்பத்தாவும் ஒரே திரைக்கு முன்னால் எவ்வாறு நின்றார்கள்?

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, தூசு துடைத்து, முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது ஆண்டுகள் நாள்தோறும் கண்ட படத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன் எனலாம். பாட்டனார் மூக்கின் நிழல் அவருடைய வலக் கன்னத்தில் விழுந்திருந்தது. அப்பத்தாவின் நிழலோ இடப்புறம் விழுந்திருந்தது. ஓர் அறையில், ஒரு நொடியில், இருவர்மீது இரு திசையிலிருந்து வெளிச்சம் வருமா? பாட்டனாரின் பாதங்கள் தெரியவில்லை; அவை இருக்கவேண்டிய இடத்தை ஒரு பூந்தொட்டி மறைத்திருந்தது. அத்தொட்டி தூரிகையால் வரைந்தது என்பது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததும் விளங்கிற்று. இவை எல்லாவற்றையும்விட வெளிப்படையாகத் தெரிந்த ஒன்றைத்தான் நான் கடைசியில் கண்டேன். படத்தில் அப்பத்தா பாட்டனாரைவிட மூத்தவராக இருந்தார்! அவருக்கு நாற்பது வயது இருக்கும். அருகில் நின்ற கணவருக்கு முப்பத்துநான்கு, முப்பத்தைந்துக்கு மேல் இராது.

பின்பு என் தந்தையார் செய்தியைச் சொன்னார். 1951-இல் அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணப்பந்தலில் மாப்பிள்ளையின் பெற்றோர் படம் இருக்கவேண்டும் என்று அப்பத்தா விரும்பினார். கையில் இருந்தது பாட்டனார் 1939-இல் கொழும்பிலே எடுத்துத் தபாலில் அனுப்பிய அட்டைப் படம் ஒன்றே. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தம் வெள்ளைச் சேலையுடன், எங்கள் ஊரிலிருந்த ஒரு ஸ்டூடியோவுக்குச் சென்றார். எட்டு நாள் கழித்து இந்தப் படம் வீட்டுக்கு வந்தது. எல்லோரும் பாட்டனாரைப் பார்த்தார்களாம். அப்பத்தா மட்டும் தம் நெற்றியிலிருந்த பொட்டையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பொட்டையும் சேலையின் சிவப்பையும் வைத்தது ஸ்டூடியோக்காரரின் தூரிகை.

எனக்கு அன்று வந்தது இரக்கம் அன்று, சினம். ஒரு பொய்ப் படத்தால் என் கட்டுரை பிழைபட்டதே என்ற சினம். அந்த ஸ்டூடியோ அப்பொழுது மூடப்பட்டிருந்தது. ஆயினும் அங்கே இருட்டறையில் பணிசெய்த முதியவர் ஒருவர் ஊரில் இருந்தார். அவரிடம் சென்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தாம் செய்த வேலையை ஓர் ஆசாரி நகை செய்த முறையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதைக் கொண்டே இக்கலையின் அடிப்படையை உங்களுக்கு விளக்கலாம்.

நிழற்படக் கலையில் முதலில் கிடைப்பது 'நெகடிவ்' என்னும் எதிர்மறைப் படம். வெளிச்சம் பட்ட இடம் அதில் கறுக்கும். படாத இடம் தெளிந்து நிற்கும். அதனூடே வெளிச்சத்தைச் செலுத்தி, வெள்ளி உப்பு பூசிய தாளில் விழச் செய்தால் நேர்ப்படம் கிடைக்கும். தாளிலும் வெளிச்சம் பட்ட இடமே கறுக்கும். வெளிச்சம் படாத இடம் வெள்ளையாகவே இருக்கும். அங்கே பிறிதொரு படத்தை அச்சிட இன்னும் இடம் இருக்கிறது என்பது பொருள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை தாமே விளங்கும்.

முதியவர் முதலில் கொழும்பு அட்டையைக் காமிராவின் முன் வைத்து மறுபடம் எடுத்தாராம். அப்பத்தாவின் தலை எவ்வளவு பெரிதாக இருக்குமோ, அதற்கு ஒத்த அளவில் பாட்டனாரின் தலையும் வருமாறு தொலைவைச் சரிசெய்து எடுத்தார். பிறகு அப்பத்தாவை நாற்காலியில் அமர்த்தி, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு, தனிப் படம் எடுத்தார். இப்பொழுது இரண்டு நெகடிவ்கள் கைக்கு வந்தன. பாட்டனாரின் நெகடிவில் அவர் உருவத்தைச் சுற்றியுள்ள பகுதி முழுவதையும் வெளிச்சம் புகாத செஞ்சாயத்தால் பூசி அடைத்தார். அப்பத்தாவின் நெகடிவை அச்சிடும்பொழுது, பாட்டனார் நிற்கவேண்டிய இடத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்தார். அட்டை பாட்டனாரின் வடிவத்திலேயே வெட்டப்பட்டது. அச்சிட்ட தாளில் அந்த வடிவம் வெள்ளையாக நின்றது. அவ்வெள்ளையில் இரண்டாம் நெகடிவிலிருந்து பாட்டனார் வந்து இறங்கினார்.

"அட்டையை அசையாமப் பிடிச்சா வெட்டின கோடு தெரியும். கை லேசா நடுங்கணும். எனக்கு அந்தக் காலத்திலேயே நடுங்கும்" என்றார் முதியவர்.

விளிம்பு மென்மையாகக் கலந்த பின்னும் சில வடுக்கள் எஞ்சின. அவற்றைத் தூரிகையால் திருத்தி, திருத்திய படத்தை மீண்டும் ஒருமுறை படமெடுத்து, அந்தப் புதிய நெகடிவிலிருந்து பெரிதாக்கி, நீர்வண்ணம் தீட்டினார். கொழும்பில் வலப்பக்கச் சாளரத்து வெளிச்சமும், இங்கே இடப்பக்க மின்விளக்கும் இருந்ததை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. "முகத்தைத் திருப்பிப் போட்டா நிழல் சரியாயிடும், ஆனா வகிடு மாறிடும், கோட்டுப் பொத்தான் பக்கம் மாறிடும். அப்பத்தா கண்டுபிடிச்சிருவாங்க" என்றார். நானோ கோட்டுப் பொத்தானையும் காணவில்லை, நிழலையும் காணவில்லை!

இக்கலை எங்கள் ஊர் முதியவர் கண்டுபிடித்ததன்று என்பதைப் பின்னர் நூல்களில் படித்து அறிந்தேன். நிழற்படம் பிறந்து இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளேயே இதுவும் பிறந்துவிட்டது. அதற்குக் காரணம் வானம் என்றால் நம்புவீர்களா? அக்காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாகவும், பச்சைக்கும் சிவப்புக்கும் குறைவாகவும் இணங்கின. மண்ணும் மரமும் தெளிவாகப் பதியும் அளவுக்குத் தகட்டைத் திறந்துவைத்தால், வானம் ஒரே வெள்ளையாகிவிடும், முகில்கள் காணாமற்போகும். முகிலுக்காகக் குறைத்தால் நிலம் இருண்டுவிடும். பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 1857 ஆண்டுகளில் கடலுக்கு ஒரு நெகடிவ், வானுக்கு ஒரு நெகடிவ் என எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். அடிவானக் கோடே இரண்டும் சேரும் தையல். கண்டோர் மயங்கினர். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களின்மேல் அவர் பயன்படுத்தியதும் உண்டு.

1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரைலாண்டர் என்பார் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து, 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் பெரும் படத்தைச் செய்தார். மான்செஸ்டர் நகரத்துக் கலைக்காட்சியில் அது வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியாரே ஒரு படி வாங்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், ஐந்து நெகடிவ்களைக் கொண்டு, காசநோயால் மெலிந்து இறக்கும் ஓர் இளம் பெண்ணையும் அவளைச் சூழ்ந்திருக்கும் உறவினரையும் காட்டினார். நடிப்பவர்களை வைத்துத் தனித்தனியே எடுத்துச் சேர்த்த படம் அது. ஆயினும் சாகும் பெண்ணின் அறைக்குள் காமிராவைக் கொண்டு செல்லலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள். அதே காட்சியை ஓர் ஓவியர் தீட்டியிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள். நிழற்படத்தை மட்டும் 'உள்ளது உள்ளபடி' என்று நம்பும் வழக்கம் அன்றே ஊறிவிட்டது. நானும் 1972-இல் அதே வழக்கத்துக்குத்தான் இரையானேன்.

அதே 1858-ஆம் ஆண்டில் நம் பக்கத்திலேயே ஒருவர் பெரிய காமிராவும் மெழுகு ஏற்றிய தாள் நெகடிவ்களுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் லினியஸ் டிரைப். கும்பினியாரின் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1857-இன் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்து, கோயில்களையும் அரண்மனைகளையும் மலைகளையும் படமெடுத்தார். மதுரைப் படங்கள் மட்டும் நான்கு பகுதிகளாகத் தொகுக்கப்பட்டன. அந்நாளில் நம் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்கள் பாதி இடிந்த நிலையில் எவ்வாறு நின்றன என்பதை இன்று நாம் கண்ணால் காண்பது டிரைப்பின் படங்களால்தான்.

வரலாற்று ஆவணம் வேண்டியே அரசு அவரை அனுப்பிற்று. ஆகவே அவர் படங்களில் கற்பனைக்கு இடம் இராது என்று நினைப்போம். ஆனால் 1855-இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக் குழுவுடன் அவர் எடுத்த படங்களில் அழகிய முகில்கள் மிதக்கின்றன. அவற்றுட் பல வானத்தில் இருந்தவை அல்ல. நெகடிவின்மீது அவரே சாயம் தீட்டி உண்டாக்கியவை! சாயம் வெளிச்சத்தை மறைக்கும், மறைத்த இடம் தாளில் வெண்மையாகும், வெண்மை முகிலாகும். கோபுரம் உண்மை, முகில் தூரிகை. இதற்கு நேர்மாறான வேலையையும் அவரே செய்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க முடியாது. ஆகவே அடுத்தடுத்து எடுத்த 21 படங்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அதுவும் இணைத்த படமே. ஆனால் அந்த இணைப்பு இல்லையேல் உண்மை முழுதாகத் தெரியாது. ஒரே மனிதர், ஒரே காமிரா. ஓரிடத்தில் இல்லாததைச் சேர்த்தார், ஓரிடத்தில் இருப்பதைச் சேர்த்தார். 1859-இல் நிழற்படம் அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதிய ஆளுநர் டிரெவெல்யன் அந்தப் பதவிக்கு முடிவு கட்டினார். நமக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று.

இருட்டறையில் சேர்ப்பது ஒரு முறை. காமிராவுக்குள்ளேயே ஒரே தகட்டில் இருமுறை ஒளி பாய்ச்சுவது இன்னொரு முறை. கறுப்புத் திரைக்கு முன்னால் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால், அவர் உருவம் மட்டும் பதியும். கறுப்புத் திரையிலிருந்து ஒளி வாராமையால் தகட்டின் மற்றப் பகுதி பதியாமல் இருக்கும். அவரையே வேறிடத்தில் நிறுத்தி மறுபடி திறந்தால், ஒருவர் இருவராவார். இதைக் கொண்டு வஞ்சகம் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் 1860-களில் இறந்தவர்களின் ஆவி தோன்றும் படங்கள் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் ஈட்டினார். உள்நாட்டுப் போரில் மக்களை இழந்த பெற்றோர் அவரிடம் சென்றனர். 1869-இல் நியூயார்க்கில் அவர்மீது வழக்கு நடந்தது. போதிய சான்று இல்லை என்று விடுபட்டார். எங்கள் ஸ்டூடியோக்காரருக்கும் மம்லருக்கும் கைவேலையில் பெரிய வேறுபாடு இல்லை. மம்லரிடம் சென்றவர்களுக்குப் படம் எப்படி வந்தது என்று தெரியாது. என் அப்பத்தாவுக்குத் தெரியும். இந்த வேறுபாட்டை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

திரைப்படம் இவ்வித்தையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. தாதாசாகேப் பால்கே 1917-இல் எடுத்த 'லங்கா தகன'த்தில் சாலுங்கே என்னும் நடிகர் ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். தமிழில் சேலம் மாடர்ன் தியேட்டர்சின் 'உத்தம புத்திர'னில், 1940-இல், பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கினார். 1949-இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் எம். கே. ராதாவும், 1958-இல் 'நாடோடி மன்ன'னில் எம். ஜி. ஆரும், அதே ஆண்டு மீண்டும் எடுக்கப்பட்ட 'உத்தம புத்திர'னில் சிவாஜி கணேசனும் தம்மோடு தாமே பேசினார்கள். காமிராவின் கண்ணுக்கு முன்னே ஒரு பாதியை மறைத்து முதலில் படம்பிடிப்பார்கள். பிலிமைச் சரியாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் பிடிப்பார்கள். காமிரா மயிரிழையும் அசையக் கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை மறைந்துபோகும்! டூரிங் கொட்டகையின் மணலில் அமர்ந்து அப்பத்தா 'உத்தம புத்திர'னைப் பார்த்தார். இரண்டு சிவாஜியும் ஒருவர்தாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

இன்று இருட்டறை இல்லை; செஞ்சாயம் இல்லை; நடுங்கும் கையும் தேவையில்லை. 1990-இல் வெளிவந்த போட்டோஷாப் என்னும் கணினி நிரலில், 1994-இல் 'லேயர்' என்னும் அடுக்குமுறை சேர்ந்தது. ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைக் கண்ணாடித் தாள்போல விரித்து, இரண்டும் எவ்வாறு கலக்கவேண்டும் என்று கணினிக்குச் சொல்லலாம். கலத்தல் என்பது உண்மையில் எளிய கணக்கு. கணினி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் குறிக்கும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. ஒரே இடத்தில் முதற்படத்தின் எண் 200, இரண்டாவதன் எண் 40 என்று கொள்வோம். இரண்டின் சராசரி 120. இது ஒவ்வொரு முறையும் பாதி நேரமே திறந்து, ஒரே பிலிமில் இருமுறை படமெடுத்தது போன்றது. இரண்டையும் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 31. இரண்டு வண்ணக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்கைப் பார்த்தது போல இருளும். இரண்டையும் 255-இலிருந்து கழித்து, அவற்றைப் பெருக்கி, 255-ஆல் வகுத்து, மறுபடி 255-இலிருந்து கழித்தால் 209. ஒரே திரையில் இரண்டு விளக்குகளால் படம் காட்டியது போல ஒளிரும். இந்த மூன்றாவது கணக்கில் கறுப்பின்மேல் எதை வைத்தாலும் அதுவே மாறாமல் நிற்கும். 40-க்குப் பதில் 0 என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், 200 வரும். பழைய ஸ்டூடியோவின் கறுப்புத் திரை இன்று கணக்குக்குள் புகுந்துகொண்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

இவ்வாறு கலப்பதெல்லாம் கண்கட்டு வித்தைக்கே என்று எண்ணவேண்டா. எங்கள் மாவட்டத்திலேயே, சமவெளியிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கோடைக்கானல் மலையில், சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1904 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். பூமியிலிருந்து காண்பவர்க்குச் சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாள் ஆகும். எந்த ஒரு நாளின் படத்திலும் நாம் காண்பது சூரியனின் ஒரு பக்கமே. ஆகவே அறிஞர்கள் அந்தக் கண்ணாடித் தகடுகளைக் கணினிக்குள் ஏற்றி, 27 நாட்படங்களை விளிம்பு கலக்குமாறு இணைத்து, சூரியனின் முழுப் பரப்பையும் காட்டும் வரைபடங்களைச் செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு சூரியனை எந்த நொடியிலும் எவரும் கண்டதில்லை. ஆனால் எந்தெந்த நாளின் தகடு எந்தெந்த இடத்தில் சேர்ந்தது என்று அவர்கள் எழுதி வைக்கிறார்கள். டிரைப் ஒட்டிய தஞ்சாவூர்ச் சுருளின் வழித்தோன்றல் அது.

இன்னொரு பேரனைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓவியர் அமிர்தா சேர்கில்லின் தந்தையார் உமராவ் சிங், தம் குடும்பத்தை இடைவிடாமல் படமெடுத்தவர். அவருடைய பேரரான ஓவியர் விவான் சுந்தரம், 2001, 2002 ஆண்டுகளில் அந்தப் பழைய படங்களைக் கணினியில் இணைத்து ஒரு வரிசையே படைத்தார். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆண்டில் நின்றவர்கள் அவற்றில் ஓரறையில் கூடுகிறார்கள். 1941-இல் மறைந்த அமிர்தா, தம் இளவயதுத் தந்தையோடு அங்கே நிற்கிறார். கலைக்கூடங்களில் அவை தொங்கின, திறனாய்வாளர் எழுதினார்கள். அவற்றை முதன்முதலில் ஓர் இதழில் கண்டபொழுது எனக்கு எங்கள் கூடத்துக் கதவின் மேல் தொங்கிய படமே நினைவுக்கு வந்தது. அதற்குத் திறனாய்வாளர் எவரும் வரவில்லை. அப்பத்தா தினமும் ஒரு முழம் கதம்பம் சாத்தினார்.

அத்தகைய ஸ்டூடியோப் படங்கள் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இருந்தன! செல்லரித்தும், வீடு மாறும்பொழுது எறியப்பட்டும், சட்டத்துக்காக விற்கப்பட்டும் அவை அழிந்துவருகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன், பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் படியெடுத்துக் காத்துவைத்தனர். படியெடுப்பவர்களால் படத்தைக் காக்க முடியும். ஆனால் படத்தில் உள்ளவர் யார், அவர் பக்கத்தில் நிற்பவர் உண்மையிலேயே நின்றாரா என்பதை அந்தந்த வீட்டார்தாம் சொல்ல முடியும். மாணவர்களே, உங்கள் வீட்டில் சொல்லக்கூடிய முதியவர் இருந்தால், நிழல் விழும் திசையைப் பார்த்துவிட்டு, அவரிடம் போய்க் கேளுங்கள். நான் நிழலையும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. எழுதிய பின்புதான் படித்துக் காட்டினேன்.

கட்டுரையில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுத்தான் ஆசிரியரிடம் கொடுத்தேன். அப்பத்தா 1981-இல் காலமானார். அவர் இருந்தவரை ஒருமுறை மட்டும் துணிந்து கேட்டேன்: "இல்லாததை ஏன் படமா எடுக்கச் சொன்னீங்க, அப்பத்தா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்கு வந்த சனம் அத்தனைக்கும் அவுக போயிட்டாகன்னு தெரியும். யாரை ஏமாத்த எடுத்தேன்? பிள்ளை மாலையோட விழுந்து கும்பிடுறப்ப நாங்க ரெண்டு பேரும் நிக்கணுமில்ல" என்றார்.

சென்ற ஆண்டு, நிறம் மங்கிவருகிறதே என்று, அந்தப் படத்தைக் கணினியில் படியெடுக்கச் செய்தேன். படியெடுத்த இளைஞன் என் உறவினன், கைதேர்ந்தவன். "தாத்தா, நிழலை ஒரே பக்கமா மாத்திடலாம். பாதத்தையும் வரவெச்சிடலாம். பாட்டிக்கு வயசைக் கூடக் கொஞ்சம் குறைச்சிடலாம். அஞ்சே நிமிஷம்" என்றான். செய்தும் காட்டினான். திரையில் ஓர் அழகிய தம்பதியர் நின்றார்கள். ஒரே சாளரத்து வெளிச்சம் இருவர்மீதும் விழுந்தது. அவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை வைத்துக்கொள்ளவேண்டா என்றேன். மங்கலை மட்டும் நீக்கி, நிழல்கள் இரண்டும் அப்படியே இருக்குமாறு ஒரு படி எடுத்துத் தந்தான்.

மூலப் படத்தின் சட்டத்தைப் பிரித்தபொழுது, அதன் முதுகில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பென்சில் எடுத்து மூன்று வரி எழுதினேன். தாத்தா: கொழும்பு, 1939. அப்பத்தா: திண்டுக்கல், 1951. பொட்டு: ஸ்டூடியோக்காரர்.